கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட மகள், ஆணியில் தொங்கிய பூணூல்: உடை ஒழுங்கையும் வழிபாட்டையும் பிள்ளைகளிடம் எப்படிக் கொண்டு சேர்ப்பது?

குகை வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சேலம் குகைப் பகுதியில் வசிக்கிறோம். மூன்று தலைமுறையாகப் பட்டு நெசவுதான் எங்கள் குடும்பத் தொழில். என் மாமனார் 74 வயதிலும் குழித்தறியில் இறங்கி வெண்பட்டு வேட்டி நெய்கிறார். மகனுக்கு 15 வயது, மகளுக்கு 13. இந்த இருவரைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறேன். சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் உறவினர்களோடு வெளி மாவட்டத்தில் உள்ள ஒரு பெரிய கோயிலுக்குச் சென்றிருந்தோம். மகள் முழங்காலுக்குக் கீழே வரும் குர்த்தியும் லெக்கின்ஸும் அணிந்திருந்தாள், துப்பட்டா போட்டிருக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று உள்வாசலை நெருங்கியபோது, அங்கிருந்த பணியாளர் ஒருவர் அவளைக் கைநீட்டி நிறுத்தி, 'பெண் பிள்ளையை இப்படியா அழைத்து வருவது, பெற்றவர்களுக்குத் தெரிய வேண்டாமா?' என்று எல்லோருக்கும் கேட்கும்படி உரத்த குரலில் கடிந்துகொண்டார். உடை பற்றிய அறிவிப்புப் பலகை எதையும் நாங்கள் வழியில் பார்க்கவில்லை. வெளியே வந்து, கடையில் ஒரு துப்பட்டா வாங்கிப் போர்த்தி, மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றோம். தீபாராதனையின்போது சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் கைகூப்பி நிற்க, என் மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருநீறு வாங்கவும் கை நீட்டவில்லை.

அன்றிலிருந்து அவள் எந்தக் கோயிலுக்கும் வருவதில்லை. கோட்டை மாரியம்மனுக்கு ஆடித் திருவிழாப் பூச்சாட்டிய நாளில்கூட 'நீங்கள் போய் வாருங்கள் அம்மா, நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டாள். என் மாமியாருக்கு இது பொறுக்கவில்லை. பாவாடை தாவணி கட்டிக்கொண்டு கிளம்பினால் யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று அவர் கேட்கிறார். நாளுக்கு இரண்டு முறையாவது இந்தப் பேச்சு வீட்டில் எழுகிறது.

எனக்கே புரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். குகையில் ஆடி மாதம் நடக்கும் வண்டி வேடிக்கையை, அதாவது தெய்வ வேடமிட்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் வரும் ஊர்வலத்தை, சேலத்துக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். சென்ற ஆண்டு எங்கள் தெரு வண்டியில் என் மகள் மகாலட்சுமி வேடமிட்டு அமர்ந்திருந்தாள். முகம் முழுவதும் வண்ணம், தலையில் கிரீடம், கனத்த பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை. மாலையிலிருந்து நள்ளிரவு தாண்டும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள், ஒரு முறையும் முகம் சுளிக்கவில்லை. இந்த ஆண்டும் தெருவில் கேட்டார்கள். தயங்காமல் சரி என்று சொல்லிவிட்டாள். ஆறு மணி நேரம் அந்தச் சுமையைத் தாங்குகிறவளுக்கு அரை மணி நேரம் தாவணி கட்ட முடியாதா என்று மாமியார் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை.

மகனின் செய்தி வேறு வகை. எங்கள் சமூகத்தில் ஆண் பிள்ளைகளுக்குப் பூணூல் போடும் வழக்கம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவனுக்குப் போட்டோம். பள்ளியில் விளையாட்டு வகுப்புக்குச் சட்டை மாற்றும்போது மற்ற மாணவர்கள் ஏதோ கேட்டிருக்கிறார்கள். அதன்பின் பள்ளிக்குக் கிளம்பும் முன் கழற்றிக் குளியலறை ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஒரு நாள் மாமனார் அதைப் பார்த்துவிட்டார். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்றிரவு சாப்பிடவும் இல்லை. பூணூல் மாற்றும் நாளான ஆவணி அவிட்டம் நெருங்கி வருகிறது.

கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது மாமியாரின் கருத்து. பதினெட்டு வயதானதும் அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும், இப்போது விட்டுவிடு என்பது என் கணவரின் கருத்து. அதுவரை ஒன்றும் தராமல் இருந்துவிட்டால், முடிவு செய்வதற்கு அவர்கள் கையில் என்னதான் மிஞ்சியிருக்கும் என்பது என் அச்சம். எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், இதைக் கடந்து வந்தவர்கள் எழுதுங்கள்.

அஸ்தம்பட்டி தமிழாசிரியர் (ஓய்வு)

அம்மா, வணக்கம். தங்கள் மகளுக்கு நேர்ந்ததைப் படித்து மனம் வருந்தினேன். முதலில், விதி என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

2015ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்கு வரும் பக்தர்களுக்கு உடைக் கட்டுப்பாடு ஒன்றை வகுத்தது. ஆண்களுக்கு மேல்துண்டோடு வேட்டி அல்லது பைஜாமா, அல்லது வழக்கமான பேன்ட் சட்டை. பெண்களுக்குப் புடவை, தாவணி அல்லது மேலாடையுடன் கூடிய சுடிதார். குழந்தைகளுக்கு உடலை முழுதும் மறைக்கும் எந்த உடையும் போதும் என்றது அந்த உத்தரவு. 2016 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்திலேயே இரு நீதிபதிகள் அமர்வு அதற்குத் தடை விதித்தது. மூல வழக்கு ஒரு கிராமத் திருவிழாவின் கலைநிகழ்ச்சி அனுமதி பற்றியது. உடை அதில் பேசுபொருளே அன்று. 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டத்தின்படி, ஒழுங்குக்கான விதிகளை வகுக்கும் அதிகாரம் அந்தந்தக் கோயில் நிர்வாகத்துக்கு உண்டு. ஆகவே திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே செல்ல வேண்டும் என்பது அத்தலத்தின் மரபு. நம் ஊர் மாரியம்மன் கோயில்களில் அப்படி யாரும் கேட்பதில்லை. எல்லாக் கோயிலுக்கும் பொதுவான ஒரே உடை என்று எதுவும் கிடையாது.

தலத்தின் வழக்கத்தை மதிப்பது விருந்தினரின் கடமை என்றே நான் கருதுகிறேன். ஆனால் அறிவிப்பு வைக்காமல், வாசல் வரை வரவிட்டு, ஒரு சிறுமியைப் பலர் முன்னிலையில் கடிந்துகொள்வது எந்த ஆகமத்திலும் சேராது. அந்தக் கோயிலின் செயல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்; கோபமாக எழுத வேண்டாம், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கடிதத்தை அனுப்பும் முன் மகளிடம் படித்துக் காட்டுங்கள். என் மாணவர்கள் பலரிடம் நான் கண்டது, பெரியவர்கள் தங்களுக்காக ஒரு முறை வாய் திறந்தார்கள் என்பதைப் பிள்ளைகள் மறப்பதே இல்லை.

உடை விதியின் வரலாற்றையும் அவர்களிடம் மறைக்காதீர்கள். தென் திருவிதாங்கூரில் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகவே தோள்சீலைப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. 1859இல்தான் அரசாணை அதற்கு இடம் தந்தது, அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. 2024ஆம் ஆண்டின் இறுதியில் கேரளத்தின் சிவகிரி மடத்தின் தலைவர், ஆண்கள் சட்டையைக் கழற்றும் வழக்கத்தைக் கோயில்கள் கைவிட வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வது பணிவு என்று சிறு வயதில் எனக்குச் சொல்லப்பட்டது. கடவுளுக்கு முன் அது பணிவுதான். மனிதருக்கு முன் கட்டச் சொன்னபோது அது இழிவாக இருந்தது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.

இன்னொன்று. வீட்டில் வேட்டி என்றாலே ஓடும் இளைஞன், சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால் 41 நாள் கறுப்பு வேட்டியோடும் வெறும் காலோடும் ஊரெல்லாம் நடக்கிறான். அம்மனுக்குக் காப்புக் கட்டிய பெண் கல்லூரிக்கும் மஞ்சள் புடவையில் போகிறாள். எவரும் அவர்களை அதட்டுவதில்லை. தானாக ஏற்றுக்கொண்டது, தொடக்கமும் முடிவும் உடையது, ஏன் என்று தனக்கே தெரிந்தது. அத்தகைய உடையை உடல் சுமையாகக் கருதுவதில்லை. தங்கள் மகளின் வண்டி வேடிக்கைக்கும் இதில் பாதி விடை இருக்கக்கூடும்.

ஆத்தூர் பாட்டி

ஆசிரியர் ஐயா சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடுதான். ஆனால் பிள்ளை தானாக ஏற்கட்டும் என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. காலையில் பல் துலக்குவதை எந்தக் குழந்தை தானாக ஏற்றுக்கொண்டது? பள்ளிக்கூடம் இன்ன நிறத்தில் ரிப்பனும் இன்ன உயரத்தில் பாவாடையும் என்று சொன்னால் மறுபேச்சின்றி வாங்கித் தருகிறோம். பத்து வயதுப் பிள்ளைக்குக் கழுத்துப் பட்டை கட்டி அனுப்புகிறோம். அங்கே எழாத கேள்வி கோயில் உடைக்கு மட்டும் ஏன் எழுகிறது?

நான் நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்காமல் விளக்கேற்றும் இடத்துக்கு எவரும் வரக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். முணுமுணுத்தார்கள், செய்தார்கள். இப்போது சென்னையில் இருக்கும் மகன், குளிக்காமல் பூஜை அறைக்குள் நுழைந்தால் மனம் ஒப்பவில்லை என்று சொல்கிறான். பழக்கம் முதலில் வரும், பொருள் பின்னால் வரும். எல்லோருக்கும் அது பின்னால் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை, என் மூன்றாவது மகளுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் பழக்கமே இல்லாத இடத்தில் பொருள் வந்து உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை.

தங்கள் மாமியாரை வில்லியாக நினைத்துவிடாதீர்கள், மகளே. அவர் பயப்படுகிறார். தன்னோடு இது முடிந்துவிடும் என்ற பயம் வயதானவர்களுக்கு எவ்வளவு பெரியது என்பது தங்களுக்கு இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும்.

கோட்டைப் பகுதி ஆசிரியை

சகோதரிக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நான் இஸ்லாமியக் குடும்பத்தைச் சேர்ந்தவள். பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். தாங்கள் கேட்டிருப்பது எங்கள் வீடுகளில் வேறு பெயரில் நாள்தோறும் கேட்கப்படும் கேள்வி.

என் பாட்டி புடவையின் மேல் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டுதான் தெருவில் இறங்குவார். என் தாய்க்கும் இளமையில் அதே துப்பட்டிதான்; கறுப்புப் பர்தா எங்கள் தெருவுக்கு அவருடைய நடுவயதில்தான் வந்தது. நான் பர்தா அணிகிறேன். எனவே, ஆதியிலிருந்து இப்படித்தான் இருந்தது என்று யாராவது என் மகளிடம் சொன்னால், அது சரியில்லை என்று திருத்துகிறேன். மாறாமல் இருப்பது நாணம் பேண வேண்டும் என்ற கட்டளை. துணியின் நிறமும் வெட்டும் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. இதைச் சொன்னால் பிள்ளைகள் மார்க்கத்தை இலேசாக எடுத்துக்கொள்வார்கள் என்று எங்கள் உறவினர் சிலர் அஞ்சுகிறார்கள். என் அனுபவம் அதற்கு நேர்மாறாக இருந்தது. உண்மையைச் சொன்ன பிறகுதான் அவள் மேலும் கேட்கத் தொடங்கினாள்.

ஆத்தூர் அம்மா பழக்கத்தைப் பற்றிச் சொன்னதை நான் மதிக்கிறேன். எங்களிடமும் ஏழு வயதில் தொழுகையைப் பழக்கச் சொல்லியிருக்கிறது. ஆனால் பழக்கம் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். நான் தொழும்போது அணியும் மக்கனா, அதாவது தலையை மூடும் துணி, வெள்ளைப் பருத்தி. ஓரத்தில் சிறு பூவேலை உண்டு. என் மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது நான் சஜ்தாவில், நெற்றி தரையில் படக் குனிந்ததும் ஓடிவந்து அந்த மக்கனாவுக்குள் தலையை நுழைத்துக்கொள்வாள். நான் எழும்போது துணி அவள் தலையில் மாட்டிக்கொண்டு என்னோடு எழும். ஐந்து வயதில் தனக்கும் ஒன்று வேண்டும் என்று அழுதாள். என் பழைய மக்கனாவை அறுத்துத் தைத்துக் கொடுத்தேன். இன்று அவளுக்கு 16 வயது. உடுப்பதற்கு முன்பே அதனுள் விளையாடியவள் என்பதால், அந்தத் துணியைக் கட்டளை என்று அவள் முதலில் அறியவில்லை.

வெளியே செல்லும்போது தலையை மறைப்பது பற்றிப் பதினொரு வயதில் பேச்சு எழுந்தது. அவளுடைய அண்ணன்தான் முதலில் அதட்டினான்: 'முக்காடு போடாமல் கடைக்குப் போகாதே.' என் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டு, 'இன்று ஃபஜ்ர் தொழுதாயா?' என்று கேட்டார். ஃபஜ்ர் என்பது விடியற்காலைத் தொழுகை. அவன் தொழவில்லை. 'முதலில் உன் கணக்கை முடித்துவிட்டு வா' என்றார். குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்தில் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளும் கட்டளை முதலில் ஆண்களுக்குத்தான் வருகிறது. பெண்களுக்கான வசனம் அதற்கு அடுத்தது. இந்த வரிசையை எங்கள் வீட்டில் மாற்ற வேண்டாம் என்று அன்று முடிவு செய்தோம். மகன் விடியலில் எழுந்து பள்ளிவாசலுக்குப் போகத் தொடங்கிச் சில மாதங்கள் ஆன பிறகே மகளின் உடை பற்றி நானும் அவளும் உட்கார்ந்து பேசினோம்.

2022இல் கர்நாடகத்தில் வகுப்பறை ஹிஜாப் வழக்கு நடந்தபோது இந்தப் பேச்சு மறுபடியும் வந்தது. மார்ச்சில் உயர் நீதிமன்றம் தடையை ஏற்றது. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பு எழுதினார்கள். ஹிஜாப் அணியாத என் தங்கை மகள் அந்த மாணவிகளுக்காக அழுதாள். வற்புறுத்தி அணிய வைக்கப்படும் பெண்களுக்காக ஹிஜாப் அணிந்த என் மகள் வருந்தினாள். இருவரையும் ஒரே பாயில் உட்கார வைத்து நான் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தங்கள் மகளிடம் தாவணியைப் பற்றி இப்போது பேச வேண்டாம். வாசலில் அவளுக்கு என்ன தோன்றியது என்று மட்டும் கேளுங்கள். ஒருவேளை இதுவரை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

ஏற்காடு மறைக்கல்வி ஆசிரியர்

நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்த பிறகு பங்கில் சிறுவர்களுக்கு மறைக்கல்வி, அதாவது சமய வகுப்பு, நடத்துகிறேன்.

கத்தோலிக்கத் திருச்சபையில் பெண்கள் ஆலயத்தில் தலையை மூட வேண்டும் என்பது 1917ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பில் எழுத்து வடிவில் இருந்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அந்த விதி இல்லை. சட்டம் போய்விட்டது, ஆனால் மலைமேல் எங்கள் பாட்டிமார்கள் முந்தானையை இறக்கவில்லை. என் பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர், தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்தவர். சட்டம் மாறிய செய்தியை நான் சொன்னபோது, 'அவர்கள் சொன்னதற்காகவா நான் போட்டேன்?' என்று மட்டும் கேட்டார். அவர் இறந்த பிறகு, பெரிய வெள்ளியன்று சிலுவை முத்தி செய்யும்போது, என் அக்காள் மகள் அவருடைய பழைய நூல் புடவையிலிருந்து கிழித்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டில் எவரும் அவளிடம் கேட்கவில்லை. அவளுடைய தாய் போடுவதில்லை.

விதியை விட்டுவிட்டால் எல்லாம் தானாக வந்துவிடும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வராத வீடுகளும் ஏராளம். மறைக்கல்வி வகுப்பில் நான் காணும் பெரிய குறை உடையில் இல்லை. பிள்ளையை வெள்ளை வெளேரென்று உடுத்தி வகுப்பில் விட்டுவிட்டு, தந்தை வெளியே வண்டியின்மேல் உட்கார்ந்து கைப்பேசி பார்க்கிறார். பிள்ளை முதன்முதலில் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து உடை தைக்கிறார்கள். அதற்கு முந்தைய வாரம் பிள்ளையோடு சேர்ந்து ஒரு முறை செபமாலை சொல்லும்படி கேட்டால் நேரமில்லை என்கிறார்கள். பிள்ளைகள் இதைக் கவனிக்கவில்லை என்று எண்ண வேண்டாம். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் என்னிடம், பெரியவனானால் இதெல்லாம் செய்ய வேண்டியதில்லை அல்லவா என்று கேட்டான். அவன் கண்ட அளவில் அது சரியான முடிவுதான்.

எங்கள் மலையில் சேர்வராயன் உச்சியில் ஒரு குகைக் கோயில் இருக்கிறது. சேர்வராயனையும் காவேரி அம்மனையும் வணங்க ஆண்டுதோறும் வைகாசியில் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மலையாளி என்ற இம்மலைப் பழங்குடி மக்கள் கூட்டமாக வருவார்கள். நான் அம்மரபைச் சேர்ந்தவன் அல்லன். சிறு வயது முதல் வேடிக்கை பார்க்கச் செல்கிறவன். அங்கே பிள்ளைகளுக்கு வகுப்பு எதுவும் நடத்திப் பார்த்ததில்லை. பூத்தட்டையோ தேங்காய்ப் பையையோ ஏதாவது ஒன்றைச் சிறுவர் கையிலும் கொடுத்துவிடுகிறார்கள். குகை தாழ்வானது, குனிந்துதான் நுழைய வேண்டும். முன்னே செல்லும் தாத்தா குனிகிறார், பின்னே செல்லும் பேரன் அவர் முதுகைப் பார்த்துக் குனிகிறான்.

தங்கள் கணவர் சொல்லும் பதினெட்டு வயதுக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நம் அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு, அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் மாணவனைச் சமயப் போதனையில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது. சிறுவனாக இருந்தால் பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். இந்தியா 1992இல் ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, சிந்தனைக்கும் சமயத்துக்குமான உரிமை குழந்தைக்கும் உண்டு என்றும், அதன் வளர்ச்சிக்கேற்ப வழிகாட்டும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்றும் சொல்கிறது. 'வளர்ச்சிக்கேற்ப' என்ற அந்தச் சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். ஐந்து வயதில் கையைப் பிடித்து அழைத்துச் சென்றோம் என்பதற்காகப் பதினைந்து வயதிலும் அப்படியே இழுக்க முடியாது. அதே சமயம், பதினெட்டாம் பிறந்தநாள் வரை கையே கொடுக்காமலும் இருக்க முடியாது.

சூரமங்கலத்துப் பெண், இப்போது கோவையில்

மேலே எழுதிய எல்லோரும் பெற்றோராகவோ ஆசிரியராகவோ எழுதியிருக்கிறார்கள். நான் அந்த மகளின் இடத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 27 வயது.

நாங்கள் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர்கள். கம்மல், வளையல், பூ, பொட்டு எதுவும் கிடையாது. நான் படித்த பள்ளியில் ஏறக்குறைய எல்லாப் பெண்களும் தலை நிறையக் கனகாம்பரமோ மல்லிகையோ வைத்து வருவார்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், 'உங்கள் வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா?' என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்த அளவில் பூவும் பொட்டும் இல்லாத பெண் என்றால் அதுதான் பொருள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். உலகத்தார் அப்படித்தான் பேசுவார்கள், நாம் வேறு பிரிக்கப்பட்டவர்கள் என்றார். அதே மாலை என் அண்ணன் புதிதாக வாங்கிய ஜீன்ஸ் அணிந்து, முடியை நெற்றியில் விழும்படி வெட்டிக்கொண்டு வந்து நின்றான். அவனிடம் யாரும் வேறுபாட்டைப் பற்றிப் பேசவில்லை. சபையின் அடையாளத்தை வீட்டில் நான் ஒருத்தி மட்டுமே உடம்பில் சுமக்க வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் என் கோபம் முழுவதும் ஆண்டவர் மேல் போயிற்று. உண்மையில் அது அண்ணனின் ஜீன்ஸ் மேல் இருந்த கோபம்.

ஆனாலும் நான் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. காரணம் அப்பா. விடியற்காலை நான்கரை மணிக்கு முன்னறையில் முழங்காலில் நிற்பார். சுவர் மெல்லியது, என் பெயரைச் சொல்லி அவர் ஜெபிப்பது என் படுக்கை வரை கேட்கும். பரீட்சையில் தோற்ற நாளிலும், அவரோடு சண்டையிட்டுப் பேசாமல் இருந்த நாள்களிலும் அது நின்றதில்லை. இப்போது கோவையில் தனியாக இருக்கிறேன். நான்கரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கம்மல் நான் இன்றும் அணிவதில்லை. என் தங்கை அணிகிறாள். இருவரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிறோம், அப்பா இருவரையும் ஆசீர்வதிக்கிறார்.

அக்கா, தங்கள் மகளின் வண்டி வேடிக்கை எனக்குப் புதிராகவே படவில்லை. வண்டியில் அவளைப் பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார்கள். குழந்தையைத் தூக்கிக் காட்டியிருப்பார்கள். கோயில் வாசலில் அவள் உடம்பைச் சுட்டிக்காட்டி ஒருவர் குற்றம் சொன்னார். பதின்மூன்று வயதில், தன் உடம்பு மாறிக்கொண்டிருப்பது தனக்கே கூச்சமாக இருக்கும் காலத்தில், அது எத்தனை ஆழமாக இறங்கும் என்பது ஆண்களுக்குத் தெரியாது, பாட்டிகளுக்கு மறந்துபோயிருக்கும். அவள் தாவணியை மறுக்கவில்லை. மறுபடியும் யாராவது தன்னை மேலும் கீழும் பார்த்துச் சரிபார்க்கும் இடத்துக்குப் போவதைத்தான் மறுக்கிறாள். தாவணி கட்டினாலும் அந்தப் பார்வை இருக்கும்தானே?

தம்பிக்குப் பூணூலால் வந்த சங்கடமும் எனக்கு வந்ததுதான். என்ன இது என்று கேட்டவர்களுக்குச் சொல்ல அவனிடம் ஒரு பதில் இருந்திருந்தால் ஆணியில் மாட்டியிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். எனக்கும் அன்று பதில் இல்லை. 'வேறு பிரிக்கப்பட்டவர்கள்' என்பதை ஆறாம் வகுப்புத் தோழியிடம் எப்படிச் சொல்வது?

குகை வாசகி

எல்லோருக்கும் நன்றி. ஆடி முழுவதும் திருவிழா வேலை, பிறகு தறி வேலை. அதனால் எழுதத் தாமதமாகிவிட்டது.

கோட்டைப் பகுதிச் சகோதரி சொன்னபடி மகளிடம் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். மறுநாள் இரவு, பாத்திரம் துலக்கும்போது தானாகவே வந்து நின்று, 'அவர் திட்டியபோது நீங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டீர்கள் அம்மா' என்றாள். ஆம், கேட்டேன். தெரியாமல் வந்துவிட்டோம் ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கைகூப்பினேன். இதை நான் முதல் பதிவில் எழுதவில்லை. எழுதும்போது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அவளுக்கு இத்தனை மாதமாக நினைவில் இருந்திருக்கிறது. அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கோயிலுக்குக் கடிதம் எழுதி, அவளிடம் படித்துக் காட்டி, அவள் திருத்திய ஒரு வரியோடு அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை.

மகன் விஷயத்தில் நான் ஒன்றும் செய்யவில்லை, மாமனார்தான் செய்தார். ஆவணி அவிட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அவனைத் தறிக்குழிக்கு அருகில் உட்காரவைத்து, பருத்தி இழையை எடுத்து மூன்றாக முறுக்கிக் காட்டினார். ஒற்றை இழையைக் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார், அறுந்தது. முறுக்கியதைக் கொடுத்தார், அறவில்லை. தன் தந்தை இறந்த ஆண்டு, கடன் தொல்லையால் தறியை விற்றுவிட்டுப் பிழைப்புக்காக வெளியூர் போனபோது, தானும் மூன்று மாதம் பூணூலைக் கழற்றி வைத்திருந்ததை அவனிடம் சொல்லியிருக்கிறார். எங்களில் யாருக்கும் அது தெரியாது. என் கணவருக்கும் தெரியாது. ஆவணி அவிட்டத்தன்று தாத்தாவும் தந்தையும் மகனும் வரிசையாக உட்கார்ந்து மாற்றிக்கொண்டார்கள். பள்ளிக்கு அணிந்து போகிறானா என்று நான் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. குளியலறை ஆணியில் இப்போது எதுவும் இல்லை.

மாமியாரும் நானும் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். தாவணி என்ற சொல்லை அவர் எடுப்பதில்லை. மாவிளக்குக்கு மாவு பிசையப் பேத்தியை நான் அனுப்புகிறேன். சென்ற வெள்ளிக்கிழமை பச்சரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லப் பாகு விட்டு இருவரும் பிசைந்தார்கள். உருண்டையின் நடுவே கட்டை விரலை அழுத்திக் குழி செய்யும்போது மாவு ஓரத்தில் விரிசல் விடும். விரிசல் விட்டால் நெய் கசிந்து திரி அணைந்துவிடும். விரலை நெய்யில் தொட்டு மெதுவாகச் சுழற்றி அழுத்த வேண்டும் என்று மாமியார் அவள் விரலைப் பிடித்துக் காட்டினார். மூன்றாவது உருண்டை விரிசல் இல்லாமல் வந்தது.

தெருக் கோயில் வரை தட்டை அவளே சுமந்து வந்தாள், வீட்டில் அணிந்திருந்த அதே குர்த்தியோடு. உள்ளே வரவில்லை, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு தட்டைப் பாட்டியிடம் கொடுத்தாள். பூசை முடிந்து மாமியார் வெளியே வந்ததும், விளக்கு அணைந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தாள். எரிந்துகொண்டிருந்தது. வீடு வரும் வரை காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டே வந்தாள்.